திரு என்னும் ஒரு சொல்

ஒருவரை நாம் எப்படி அழைக்கிறோம் என்பது சிறிய செய்தியன்று. தொல்காப்பியர் தம் சொல்லதிகாரத்தில் 'விளிமரபு' என்று ஓர் இயலையே அதற்கென வகுத்தார். அதே அதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் வேறொரு நுண்ணிய கருத்தையும் சொல்லிச் சென்றார். ஒரே ஒருவரைப் பன்மைச் சொல்லால் உயர்த்திக் கூறுவது உலக வழக்கால் வந்ததேயன்றி இலக்கண நெறியால் வந்ததன்று என்பது அக்கருத்து. 'அவன் வந்தான்' என்பது இலக்கணம். 'அவர் வந்தார்' என்பது வழக்கு. மதிப்பை மொழி தருவதில்லை, மக்கள் தருகின்றனர். தருகின்றவர்கள் தர மறுக்கவும் கூடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தச் சிக்கலையே உயிர்நாடியாகக் கொண்டு 1967-ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கத் திரைப்படம் வெளிவந்தது. 'இன் த ஹீட் ஆஃப் த நைட்' என்பது அதன் பெயர். 'இரவின் வெம்மையிலே' எனத் தமிழில் கூறலாம். நார்மன் ஜூவிசன் இயக்கிய இப்படத்தைத் துப்பறியும் படம் என்பர் சிலர். நிறவெறியைச் சாடும் படம் என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையே. ஆனால் இரண்டிற்கும் அடியில் ஒரே ஒரு சொல் கிடக்கிறது. 'மிஸ்டர்' என்பதே அச்சொல். ஒரு மனிதன் அச்சொல்லைக் கேட்கிறான். ஓர் ஊர் அதைக் கொடுக்க மறுக்கிறது. இப்படம் அந்தச் சொல்லை யாருக்காகக் கேட்டது, யாருக்காகக் கேட்க மறந்தது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலே 'ஒரு மனிதன் கேட்கிறான்' என்று எழுதினோம். 'கேட்கிறார்' என்று எழுதியிருக்க வேண்டாவா? ஆங்கிலத்தில் இக்கதையைச் சொல்வோருக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழில் எழுதுவோர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் தம் மனத்திலுள்ள மதிப்பை வெளிப்படுத்தியே ஆகவேண்டும். ஆகவே இனி இக்கட்டுரையில் இருவரையும், கறுப்பரையும் வெள்ளையரையும், 'அவர்' என்றே குறிப்போம்.

கதையும் களமும்

மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்பார்ட்டா என்னும் சிற்றூர். இரவு நேரம், புழுக்கம் தாங்கவில்லை. ஊருக்குத் தொழிற்சாலை கட்ட வந்த வடநாட்டுச் செல்வர் ஒருவர் தெருவிலே கொலையுண்டு கிடக்கிறார். ஊர்க்காவலர் ஒருவர் இரயில் நிலையத்தை நோட்டமிடுகிறார். அங்கே கறுப்பர் ஒருவர் தனியே அமர்ந்திருக்கிறார். நல்ல உடை, பணப்பையில் பணம். இவை போதாவா? கறுப்பர், அயலார், பணம் உள்ளவர். துப்பாக்கி முனையில் அவரைப் பிடித்துச் செல்கின்றனர்.

போலீஸ் தலைவர் பில் கில்லெஸ்பி அவரைப் பார்த்தவுடனே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறார். அவ்வளவு பணம் எப்படி வந்தது என்று உறுமுகிறார். உழைத்துச் சம்பாதித்தது என்பது விடை. என்ன உழைப்பு? அப்போதுதான் மேசைமீது ஓர் அடையாளச் சின்னம் விழுகிறது. பிடிபட்டவர் பென்சில்வேனியா மாநிலத்துப் பிலடெல்பியா நகரின் காவல்துறை அதிகாரி. பெயர் வர்ஜில் டிப்ஸ். கொலைக் குற்றங்களை ஆராய்வதில் வல்லவர். வாரச் சம்பளம் 162 டாலர் 39 காசு. தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இரயிலுக்காகக் காத்திருந்தவர். அவர் விரும்பாமலேயே, கில்லெஸ்பியும் விரும்பாமலேயே, இருவரும் சேர்ந்து அந்தக் கொலையைத் துப்பறிய நேர்கிறது. கொலையாளி யார் என்பதை இங்கே சொல்லிவிடுவது படம் பார்க்கப் போகிறவர்களுக்குச் செய்யும் தீங்காகும். எனவே அதை விடுவோம்.

ஜான் பால் என்பார் 1965-இல் வெளியிட்ட நாவலே படத்துக்கு மூலம். திரைக்கதை எழுதிய ஸ்டெர்லிங் சிலிஃபன்ட் அதனைப் பெரிதும் மாற்றினார். நாவலில் இறந்தவர் ஓர் இசைக்குழு நடத்துநர். படத்தில் அவர் ஆலை முதலாளி ஆனார். இதனால் ஊருக்கு ஒரு நெருக்கடி பிறந்தது. கணவனை இழந்த அம்மையார், இந்தக் கறுப்பு அதிகாரியே வழக்கை விசாரிக்கவேண்டும், இல்லையேல் ஆலை இந்த ஊருக்கு வராது என்று கூறிவிடுகிறார். டிப்ஸை அங்கே இருத்தியது அறமன்று, பொருள். நகரத் தலைவரும் கில்லெஸ்பியிடம் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்: கறுப்பர் வென்றால் பெயர் உனக்கு, தோற்றால் பழி அவருக்கு. நிறவெறி கொண்ட ஊர், பணம் போய்விடும் என்றால் எவ்வளவு விரைவில் வளைந்து கொடுக்கிறது என்பதை ஒரு சொற்பொழிவும் இல்லாமல் காட்டியது சிலிஃபன்டின் திறம்.

களத்தை மிசிசிப்பிக்கு மாற்றியதும் பொருளுள்ள மாற்றமே. 1964-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21-ஆம் நாள் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூன்று இளைஞர்கள் அம்மாநிலத்தில் கொல்லப்பட்டனர். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்ததே அவர்கள் செய்த குற்றம். அக்கொலைகள் நிகழ்ந்த வட்டாரத்தின் தலைநகர் பெயரும் பிலடெல்பியாதான். டிப்ஸ் வந்த பிலடெல்பியா வேறு. இந்தப் பிலடெல்பியா வேறு. ஒரு பெயர், இரண்டு உலகம்.

டிப்ஸாக நடித்த சிட்னி பாய்ட்டியர் அந்த உலகத்தை நேரிலே கண்டவர். 1964-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவரும் பாடகர் ஹாரி பெலஃபாண்டேயும் போராட்டத் தொண்டர்களுக்குப் பணம் கொண்டு மிசிசிப்பியின் கிரீன்வுட் நகருக்குச் சென்றபோது, வெறியர்கள் இரவிலே அவர்களைக் காரில் துரத்தினர். அதனால் தென்மாநிலங்களில் படமெடுக்கப் பாய்ட்டியர் இசையவில்லை. மிசிசிப்பியின் கதை வடக்கே இல்லினாய் மாநிலத்தில் எடுக்கப்பட்டது. பருத்திக் காட்டுக் காட்சிகளுக்காக மட்டும் டென்னஸிக்குச் சென்று விரைவிலேயே திரும்பினர். மிசிசிப்பியைப் பற்றிய படத்தை மிசிசிப்பியில் எடுக்க முடியவில்லை என்பதே அக்காலத்தைப் பற்றிய ஒரு விமரிசனமாகும்.

ஒரு சொல்லின் வரலாறு

படத்தின் பெயர்பெற்ற உரையாடலை இனிக் காண்போம். டிப்ஸ் தம் ஆராய்ச்சியால் காவல்துறை பிடித்த ஓர் இளைஞன் குற்றமற்றவன் என்று காட்டுகிறார். சிறுமையுற்ற கில்லெஸ்பிக்குச் சினம் பொங்குகிறது. வர்ஜில் என்பது உன் போன்ற கறுப்புப் பையனுக்கு வேடிக்கையான பெயர், உன் ஊரில் உன்னை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று இழித்துக் கேட்கிறார். அதற்குப் பாய்ட்டியர் உரத்த குரலில், தம்மை அங்கே 'மிஸ்டர் டிப்ஸ்' என்று அழைப்பார்கள் என்கிறார். 2005-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் புகழ்பெற்ற 100 திரை வசனங்களைத் தொகுத்தபோது இது 16-ஆம் இடம் பெற்றது. 1970-இல் வந்த அடுத்த படத்துக்கு இவ்வசனமே தலைப்பாயிற்று.

இவ்வளவு புகழ் ஏன்? 'மிஸ்டர்' என்பது நாம் 'திரு' என்று எழுதுவது போன்ற பொதுவான சொல்தானே என்று இன்றைய இளைஞர் கேட்கக்கூடும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அது பொதுச் சொல்லாக இருக்கவில்லை. அடிமை முறை 1865-இல் சட்டத்தால் ஒழிந்தபின்னரும் அழைப்பு முறை ஒழியவில்லை. எவ்வளவு வயது முதிர்ந்த கறுப்பரும் வெள்ளையர் வாயில் 'பையன்' தான். நரை கண்டபின் 'மாமா' என்று கூப்பிடுவர். அவர் மனைவியை 'அத்தை' என்பர். உறவுச் சொல்லாகத் தோன்றினும் அவை உறவை நாடியவை அல்ல. 'திரு', 'திருமதி' என்னும் சொற்களைக் கொடுக்காமல் தப்பிக்கும் வழிகள். கறுப்பரோ, தம்மினும் பாதி வயதுள்ள வெள்ளைச் சிறுவனையும் மதிப்புச் சொல் சேர்த்தே அழைக்கவேண்டும்.

இதனை எதிர்த்து ஒரு பெண்மணி நீதிமன்றம் வரை சென்றார். மேரி ஹாமில்டன் என்பது அவர் பெயர். இனச் சமத்துவப் பேரவை என்னும் போராட்ட அமைப்பின் களப்பணியாளர். 1963-ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தின் காட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்றார். அரசு வழக்கறிஞர் 'மேரி' என்று பெயர் சொல்லிக் கேள்வி கேட்டார். வெள்ளைச் சாட்சிகளை அப்படி அழைக்கும் வழக்கம் அங்கே இல்லை. முறையாக அழைத்தாலன்றி விடை கூறேன் என்று ஹாமில்டன் வாய்மூடி நின்றார். நீதிபதி கட்டளையிட்டும் அசையவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று கூறி 5 நாள் சிறையும் 50 டாலர் தண்டமும் விதித்தனர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1964-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் அத்தண்டனை தள்ளுபடி செய்யப்பட்டது.

தமிழில் 'வழக்கு' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று உலக வழக்கு. மற்றொன்று நீதிமன்ற வழக்கு. மதிப்புச் சொல் முதல் வகை வழக்கால் வருவது என்றார் தொல்காப்பியர். அந்த வழக்கு அநீதியாக இருந்தால் இரண்டாம் வழக்கைத் தொடுக்கவேண்டும் என்று காட்டியவர் ஹாமில்டன். படம் வருவதற்கு மூன்றாண்டு முன்னரே இத்தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே 'மிஸ்டர் டிப்ஸ்' என்ற முழக்கம் எழுத்தாளர் கற்பனையில் திடீரென முளைத்ததன்று. நீதிமன்றங்களிலும் தெருக்களிலும் உண்மையான மனிதர்கள் சிறை சென்று உயர்த்திய குரலின் எதிரொலியே அது.

கில்லெஸ்பி அச்சொல்லை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதையும் நோக்கவேண்டும். 'மிஸ்டர் டிப்ஸ்' என்று அவரும் சொல்லிப் பார்க்கிறார், ஆனால் ஏளனமாக. அதே மூச்சிலே 'பையன்' என்றும் சொல்லிவிடுகிறார். சொல் வாயில் வந்துவிட்டது. மதிப்பு நெஞ்சில் வரவில்லை.

கன்னத்தில் விழுந்த அறை

இரண்டாவது பெருங்காட்சி எண்டிகாட் என்னும் பெருநிலக்கிழார் மாளிகையில் நிகழ்கிறது. போகும் வழியில் கார் பருத்திக் காட்டைக் கடக்கிறது. கறுப்பின மக்கள் வெயிலில் குனிந்து பருத்தி எடுக்கின்றனர். டிப்ஸ் கண்ணாடி வழியாக அவர்களைப் பார்க்கிறார். இந்த வேலை உனக்கில்லை, அப்படித்தானே என்கிறார் கில்லெஸ்பி. டிப்ஸ் ஒன்றும் பேசவில்லை. படத்தின் மிக ஆழமான காட்சி இதுவே என்பது எம் கருத்து. இதனைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

எண்டிகாட் தம் கண்ணாடி வீட்டில் ஆர்க்கிட் மலர்களை வளர்க்கிறார். மரத்தைப் பற்றி வளரும் ஆர்க்கிட் வகைகள் தமக்குப் பிடிக்கும் என்கிறார் டிப்ஸ். அந்தச் செடிகளும் கறுப்பரைப் போலத்தான், பேணி ஊட்டி மெல்ல வளர்க்கவேண்டியவை என்று புன்சிரிப்போடு சொல்கிறார் கிழார். வெறுப்பு உமிழும் பேச்சன்று. அருள் சுரக்கும் பேச்சு. நிறவெறியின் நாகரிகமான முகம் இது. ஆனால் தம்மைக் கொலை வழக்கில் ஒரு கறுப்பர் கேள்வி கேட்கிறார் என்று உணர்ந்தவுடன் அந்த முகம் கழன்று விழுகிறது. கிழார் டிப்ஸின் கன்னத்தில் அறைகிறார். இமைப்பொழுதுக்குள் டிப்ஸும் திருப்பி அறைகிறார்.

அமெரிக்கப் பெரும்படங்களில் வெள்ளையர் அறைந்தால் கறுப்பர் திருப்பி அறைவதை மக்கள் அதுவரை கண்டிருக்கவில்லை. இக்காட்சியின் உயிர் அறையில் மட்டும் இல்லை. அதற்குப் பின் வரும் உரையாடலில் இருக்கிறது. இதைப் பார்த்தாயா என்று கிழார் கேட்கிறார். பார்த்தேன் என்கிறார் கில்லெஸ்பி. என்ன செய்யப் போகிறாய்? தெரியவில்லை என்பது விடை. முன்னிருந்த போலீஸ் தலைவராயிருந்தால் அந்த நொடியே டிப்ஸைச் சுட்டிருப்பார் என்று நகரத் தலைவர் பின்னர் சொல்லிக் காட்டுகிறார். பழைய வழக்கு செத்துவிட்டது. புதிய வழக்கு இன்னும் பிறக்கவில்லை. அந்த இடைவெளியில் நிற்கும் மனிதன் சொல்லக்கூடிய நேர்மையான விடை 'தெரியவில்லை' என்பதுதான். அவர்கள் போனபின் கிழார் தனியே நின்று அழுகிறார். தட்டை ஏந்தி நின்ற கறுப்புப் பணியாளர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டிப்ஸும் குறையற்ற தெய்வமாகப் படைக்கப்படவில்லை. கிழாரே கொலைகாரர் என்று சான்று இல்லாமல் நம்பத் தொடங்குகிறார். அவரை வீழ்த்திக் காட்டுவேன் என்று துடிக்கிறார். அப்போது கில்லெஸ்பி வியந்து நோக்கி, நீயும் எங்களைப் போன்றவன்தானா என்கிறார். வெறுப்பு வெறுப்பாளியோடு நின்றுவிடுவதில்லை. வெறுக்கப்பட்டவன் கண்ணையும் மறைக்கிறது. இதைச் சொல்லத் துணிந்தது இப்படத்தின் பெருமை.

நடிப்பும் கலையும்

கில்லெஸ்பியாக வரும் ராட் ஸ்டைகர் ஓயாமல் சூயிங்கம் மெல்கிறார். அந்தத் தாடை அசைவே அவர் மனத்தின் அளவுகோல். சினம் வந்தால் வேகம்; ஐயம் வந்தால் நின்றுவிடும். ஸ்டைகர் வெடிக்கும் இடங்களில் பாய்ட்டியர் அடங்குகிறார். கொலையுண்டவர் உடலை டிப்ஸ் ஆராயும் காட்சியை மறக்கவே முடியாது. கறுப்புக் கைகள் ஒரு வெள்ளை உடலைத் தொட்டு, அழுத்தி, அளந்து உண்மையைத் தேடுகின்றன. சுற்றி நிற்கும் வெள்ளையர் என்ன செய்வது என்று அறியாமல் விழிக்கின்றனர். தீண்டாமையின் கொடுமையைச் சொல்லால் சொல்லாமல் கையால் சொன்ன காட்சி இது.

ஒளிப்பதிவாளர் ஹஸ்கெல் வெக்ஸ்லரின் பணியும் போற்றத்தக்கது. அக்கால ஹாலிவுட்டில் விளக்குகள் வெள்ளை முகங்களை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டன. அவ்வொளியில் கறுத்த முகம் பளபளத்துத் தன் உணர்ச்சியை இழந்துவிடும். வெக்ஸ்லர் பாய்ட்டியர் முகத்துக்கேற்ப ஒளியைத் தணித்து அமைத்தார். ஒருவர் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கே வெளிச்சத்தை மாற்றவேண்டியிருந்தது. குவின்சி ஜோன்ஸ் இசையமைக்க, தலைப்புப் பாடலை ரே சார்லஸ் பாடினார்.

படத்தின் குறை

இனிக் குறைக்கு வருவோம். இக்குறையைச் சிறிதென்று கொள்வதற்கில்லை.

டிப்ஸுக்கு மதிப்பு ஏன் கிடைக்கிறது? அவர் ஒப்பற்ற துப்பறிவாளர் என்பதால். கில்லெஸ்பியை விடத் திறமை மிக்கவர். அவரை விடக் கூடுதலாகச் சம்பளம் வாங்குபவர். ஆர்க்கிட் மலர்களின் வகைகூட அறிந்தவர். இத்தனையும் சேர்ந்தபின்தான் ஒரு சிற்றூர்ப் போலீஸ் தலைவர் அவரை மனிதராகப் பார்க்கத் தொடங்குகிறார். அப்படியானால் அந்தப் பருத்திக் காட்டில் குனிந்து நின்றவர்களுக்கு என்ன? டிப்ஸுக்குத் தங்க இடம் கொடுத்த கறுப்பு மெக்கானிக்குக்கு என்ன? கிழார் வீட்டில் தட்டேந்தி நின்றவருக்கு என்ன? இவர்களுள் எவரையேனும் 'மிஸ்டர்' என்று அழைக்கவேண்டும் என்று படம் கேட்கவில்லை. கார் அந்தக் காட்டைக் கடந்து போய்விடுகிறது. படமும் கடந்து போய்விடுகிறது.

1967-ஆம் ஆண்டு செப்டம்பரில் கிளிஃபர்ட் மேசன் என்னும் கறுப்பின நாடகாசிரியர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் பாய்ட்டியரின் பாத்திரங்களைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். வெள்ளையர் உலகத்தில் தன்னந்தனியாக நின்று, மனைவியோ காதலியோ இல்லாமல், வெள்ளையரின் சிக்கலைத் தீர்த்து வைக்கும் நல்லவராகவே எப்போதும் வருகிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. டிப்ஸுக்கு இது முழுவதும் பொருந்தாது. அவரிடம் சினமும் செருக்கும் தவறும் உண்டு என்பதை மேலே கண்டோம். ஆயினும் தனிமை என்ற அளவில் மேசன் சொன்னது உண்மையே. அந்த ஆண்டின் கோடையில், படம் ஆகஸ்டில் வெளிவருவதற்குச் சற்று முன்னர், ஜூலையில் நியூவார்க்கில் மூண்ட கலகத்தில் 26 பேரும், டெட்ராய்ட்டில் மூண்ட கலகத்தில் 43 பேரும் மாண்டனர். கூட்டங்கூட்டமாக மக்கள் எழுந்த காலத்தில் படம் ஒற்றை மனிதர் ஒருவரின் வெற்றியைச் சொன்னது.

இவ்விடத்தில் ஹாமில்டனை மீண்டும் நினைத்துப் பார்க்கவேண்டும். அவர் தம் திறமையைக் காட்டி மதிப்புச் சொல்லைக் கேட்கவில்லை. சாட்சிக் கூண்டில் நிற்கும் எவருக்கும் உரியது தமக்கும் உரியது என்றே கேட்டார். தகுதிக்குக் கொடுக்கும் மதிப்பு பரிசு; மனிதர் என்பதற்காகக் கொடுக்கும் மதிப்பு உரிமை. படம் பரிசோடு நின்றது. நீதிமன்றத்தில் நின்ற பெண்மணி உரிமை வரை சென்றார். கலை வாழ்க்கைக்கு ஓர் அடி பின்னே நின்றுவிட்டது.

இறுதிக் காட்சி

இவ்வளவு கூறியபின்னும் இறுதிக் காட்சியைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. கொலையாளி பிடிபட்டான். டிப்ஸ் ஊர் திரும்ப இரயில் நிலையம் வருகிறார். தொடக்கத்தில் அவரைத் துப்பாக்கி முனையில் பிடித்த அதே நிலையம். இப்போது அவர் பெட்டியைத் தூக்கி வருபவர் கில்லெஸ்பி. தென்மாநில இரயில் நிலையங்களில் பெட்டி தூக்கியவர்கள் கறுப்பர்கள்; தூக்கச் சொன்னவர்கள் வெள்ளையர்கள். அது தலைகீழாகிறது. ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

பிரியும்போது கில்லெஸ்பி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் புன்னகைக்கிறார். அப்போதும் 'மிஸ்டர் டிப்ஸ்' என்று சொல்லவில்லை. 'வர்ஜில்' என்றே அழைக்கிறார். இதை எப்படிக் கொள்வது? தமிழில் ஒருமைக்கு இரண்டு முகம் உண்டு. ஏவலாளை 'நீ' என்கிறோம். தாயையும், உயிர் நண்பனையும், இறைவனையும் 'நீ' என்றே அழைக்கிறோம். இழிவும் 'நீ' தான். அன்பும் 'நீ' தான். முதற்காட்சியில் வந்த 'வர்ஜில்' இழிவு. கடைசிக் காட்சியில் வந்த 'வர்ஜில்' அன்பு. ஸ்டைகரின் குரலில் இந்த வேறுபாடு தெளிவாகக் கேட்கிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அன்பு மதிப்புக்கு ஈடாகாது. கிழவரை 'மாமா' என்று கூப்பிட்ட பழைய எசமானர்களும் தாங்கள் அன்பாகவே கூப்பிட்டதாகச் சொன்னவர்கள்தாம். மதிப்பைக் கொடுத்தபின் வரும் அன்பே சமமானவர்களின் அன்பு. கில்லெஸ்பி அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் கண்ணீர் வரவழைக்கும் முடிவாயிருக்கும். ஆனால் பொய்யான முடிவாயிருக்கும். ஒரு வாழ்நாள் பழக்கம் ஒரு கொலை வழக்கில் மாறிவிடாது. கை பெட்டியைத் தூக்கிவிட்டது. நா இன்னும் அந்தச் சொல்லைத் தூக்கவில்லை. செயல் முன்னே வந்தது. சொல் பின்னே வரவேண்டும். அந்த அளவோடு நிறுத்தியது ஜூவிசனின் நேர்மை.

படத்துக்கு வெளியே

இப்படத்தின் வரலாறு திரையோடு முடியவில்லை. 1968-ஆம் ஆண்டு பெப்ருவரியில் மெம்பிஸ் நகரில் குப்பை வண்டி ஒன்றின் பொறியில் சிக்கி இரண்டு கறுப்பினத் தொழிலாளர் நசுங்கி மாண்டனர். 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டைகளில் கூலியின் அளவு எழுதப்படவில்லை. 'நான் ஒரு மனிதன்' என்று எழுதப்பட்டிருந்தது. 'பையன்' என்று அழைத்த உலகத்துக்கு அதுவே விடை. அவர்கள் துப்பறியும் வல்லுநர்கள் அல்லர். ஆர்க்கிட் மலர்களின் வகை அறிந்தவர்களும் அல்லர். குப்பை அள்ளியவர்கள். டிப்ஸ் தமக்காகக் கேட்டதை அவர்கள் எல்லாருக்குமாகக் கேட்டனர்.

அவர்களுக்குத் துணை நிற்கச் சென்ற மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-ஆம் நாள் மெம்பிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 8-இல் நடக்கவேண்டியிருந்த ஆஸ்கார் விழா அவர் இறுதிச் சடங்குக்காகத் தள்ளி வைக்கப்பட்டு 10-ஆம் நாள் நடந்தது. அவ்விழாவில் சிறந்த படம் என்ற பரிசோடு மொத்தம் ஐந்து பரிசுகளைப் பெற்றது 'இரவின் வெம்மையிலே'. சிறந்த நடிகர் பரிசு ஸ்டைகருக்குக் கிடைத்தது. பாய்ட்டியர் பெயர் போட்டிப் பட்டியலிலேயே இடம் பெறவில்லை. ஸ்டைகர் மேடையில் பாய்ட்டியருக்கு நன்றி கூறி, நிறவெறியைத் தாம் புரிந்துகொள்ள அவருடைய நட்பே உதவியது என்றார். மனம் திருந்திய வெள்ளையருக்குப் பரிசு. திருத்திய கறுப்பருக்கு நன்றி. படத்தின் குறையையே விழா மேடை மீண்டும் நடித்துக் காட்டியது போலும்.

2002-இல் அமெரிக்க நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பட்டது. அச்சிறப்பு இதற்குத் தகும். துப்பறியும் கதை என்ற அளவில் சில முடிச்சுகள் தளர்ந்தவைதாம். கொலையின் காரணம் கடைசியில் அவசரமாக அவிழ்கிறது. ஆனால் படம் முடிந்தபின் மனத்தில் நிற்பது கொலை அன்று. ஒரு சொல், ஓர் அறை, ஒரு பெட்டி. இவற்றோடு, பேசாமல் கடந்துபோன பருத்திக் காடும் நிற்கவேண்டும். அங்கே குனிந்து நின்றவர்கள் நிமிர்ந்து தம் பெயரைச் சொல்லும் காட்சியை இப்படம் எடுக்கவில்லை. அக்காட்சியை மெம்பிஸ் தெருக்களில் மக்களே நடத்தினார்கள்.

ஒருவர் எவ்வளவு கற்றவர், எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று கேட்டறிந்தபின் 'அவன்' என்பதை 'அவர்' என்று மாற்றும் பழக்கம் உலகில் எங்கும் உண்டு. தமிழ் பேசுவோரிடமும் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னரே 'அவர்' என்று சொல்லிப் பழகுவதே நாகரிகம். இலக்கணம் நம்மை அதற்குக் கட்டாயப்படுத்தாது. நாமேதான் அதனை வழக்காக்கவேண்டும்.